கணிப்பொறி தேதியை மறந்தால்...

நேற்று வரை ஒழுங்காக இயங்கிய கணிப்பொறி, இன்று திறந்தவுடன் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தேதியைக் காட்டும். இணையத் தளங்களைத் திறந்தால் "பாதுகாப்பு இல்லை" என்று எச்சரிக்கும். உடனே சிலர், மதர்போர்டே பழுதாகி விட்டது எனக் கலங்கி, ஆயிரக்கணக்கில் செலவழிக்க ஆயத்தமாகி விடுகின்றனர். ஆனால், இதற்குப் பெரும்பாலும் காரணம், விலை குறைந்த ஒரு சிறு பேட்டரிதான்.

மின்சாரம் இல்லாத வேளையிலும் கணிப்பொறியின் உள்ளே ஒரு கடிகாரம் ஓடிக் கொண்டேயிருக்க வேண்டும். 1984இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. கணிப்பொறியில் இதற்கென ஒரு பேட்டரி இருந்தது. அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. இப்போது மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலும் இருப்பது சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. இதில் 20 என்பது 20 மில்லி மீட்டர் விட்டத்தையும், 32 என்பது 3.2 மில்லி மீட்டர் கனத்தையும் குறிக்கும்.

இதைச் சோதிக்க இணைய இணைப்பைத் துண்டித்து, நேரத்தைச் சரி செய்து, கணிப்பொறியை முறைப்படி அணைத்துவிடுங்கள். பிறகு மின் இணைப்பின் பிளக்கையும் பிடுங்கி விடுங்கள். இது முக்கியம், பிளக் செருகியிருந்தால், அணைத்த நிலையிலும் சிறிதளவு மின்சாரம் சென்று கடிகாரத்தை ஓட்டும். மறுநாள் இணையத்தில் இணைக்காமலேயே திறந்து பாருங்கள். இணைத்தால் நேரம் தானே திருத்தப்பட்டுக் குறை மறைந்துவிடும்! தேதியோ நேரமோ தவறியிருந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். ஆனால் எப்போதும் சரியாக ஐந்தரை மணி நேரமே வேறுபட்டால், அது பேட்டரியின் குறையன்று. நேர மண்டல அமைப்பைக் கவனியுங்கள்.

மல்டிமீட்டர் உள்ளவர்கள் பேட்டரியைக் கழற்றி அளந்தும் பார்க்கலாம். 3 வோல்ட்டோ சற்று அதிகமோ இருப்பது நல்லது. 2.8க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றி விடுவதே மேல்.

மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கி, தொடக்க அமைப்புகளில் நீங்கள் மாற்றியவற்றைக் குறித்து வைத்திருப்பது அவசியம். பேட்டரியை எடுத்தால் அவை அழிந்து போகலாம். பழையது எந்தப் பக்கம் மேலாக இருந்ததோ, அதேபோல் புதியதைப் பொருத்த வேண்டும். மடிக்கணிப்பொறியாயின் பழுது பார்ப்பவரிடம் ஒப்படைப்பதே நன்று.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கழற்றிய பேட்டரியை மேசை மீது விட்டு வைக்காதீர்கள். தவழும் குழந்தை அதை விழுங்கி, அது உணவுக் குழாயில் சிக்கினால், இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். கடிகாரத்தை ஓட்ட வலுவில்லாத பேட்டரிக்கும் குழந்தையின் தொண்டையைப் புண்ணாக்கும் வலு உண்டு! விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஆகவே, கழற்றிய கையோடு அதன் இரு பக்கமும் மறையும்படி ஒட்டும் நாடாவைச் சுற்றி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின் கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்த்து விடுங்கள்.