நங்கூரம் போட்டாச்சு... படகுல யாரு இருக்கா?

திண்டுக்கல்காரர்கள் வெளியூர் கிளம்பும்போது கவனித்துப் பாருங்கள். கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்ட பிறகும் கை மறுபடி பூட்டுக்குப் போகும். ஒரு இழு, இன்னொரு இழு. தெருமுனை வரை போனவர் சந்தேகம் வந்து திரும்பி, மூன்றாவது முறை இழுத்துப் பார்ப்பதும் உண்டு. மாங்காய்ப் பூட்டு தொடங்கி விதவிதமான பூட்டுகளைக் கையால் செய்த ஊர் இது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த ஊர்க்காரர்களே பூட்டை இழுத்துப் பார்த்துத்தான் நம்புகிறார்கள்.

தண்ணீருக்குப் போனால் மட்டும் இந்தப் பழக்கம் மறந்துவிடுகிறது. நங்கூரத்தைப் போட்டு, கயிற்றைக் கட்டியதும் 'படகு நின்னுடுச்சு' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நங்கூரம் தரையைப் பிடித்ததா என்று யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை.

மீன்பிடிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களிடம் இப்போது ஒரு வழக்கம் பரவி வருகிறது. பெரிய படகில் மீன் இருக்கும் இடம் வரை போவது. அங்கே நங்கூரம் போட்டுவிட்டு, கயாக் எனப்படும் சிறு துடுப்புப் படகை இறக்கி, பெரிய படகு நுழைய முடியாத ஆழமில்லாத இடங்களில் தூண்டில் போடுவது. கயாக்கில் சத்தமே வராது. செடி, கொடிக்கு நடுவிலும் போகலாம். மீனும் கிடைக்கும். ஆனால், அந்த நேரம் முழுவதும் பெரிய படகில் யாரும் இருப்பதில்லை. சாப்பாடு, தண்ணீர், பெட்ரோல், சில சமயம் செல்போன் என்று எல்லாம் அதில்தான் இருக்கும்.

திண்டுக்கல் சமவெளியில் இருப்பவர்களுக்கும் இந்தக் கவலை தூரத்து விஷயம் இல்லை. பழநி மலை அடிவாரத்தில், குடகனாற்றின் குறுக்கே உள்ள ஆத்தூர் காமராஜர் அணையைப் பலர் பார்த்திருப்பார்கள். திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் தரும் அணை அது. இப்படிப்பட்ட நீர்த்தேக்கங்களில் உரிமம் பெற்றவர்கள் பரிசலில் போய் வலை விரிப்பார்கள். பரிசலாக இருந்தாலும், ஃபைபர் படகாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஆள் இறங்கிவிட்டால் எடை குறைந்துவிடும். காலிப் படகைத் தள்ளிக்கொண்டு போகக் கொஞ்சம் காற்று போதும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பரிசல் எம்மாத்திரம்?

நங்கூரம் ஏன் நழுவுகிறது?

நங்கூரம் தன் எடையால் மட்டும் படகைப் பிடித்து வைப்பதில்லை. அதன் கொக்கி தரையில் குத்தி நிற்பதால்தான் படகு நிற்கிறது. கயிறு எவ்வளவு சாய்வாகத் தரையோடு சேர்ந்து இழுக்கிறதோ, அந்த அளவுக்குக் கொக்கி ஆழமாக இறங்கும். கயிறு குட்டையாக இருந்தால் மேல்நோக்கி இழுக்கும், கொக்கி கழன்றுவிடும்.

அதனால்தான் ஆழத்தைப்போல 5 முதல் 7 மடங்கு கயிறு விட வேண்டும் என்பது உலகம் முழுவதும் படகோட்டிகள் சொல்லும் கணக்கு. தண்ணீரின் ஆழம் 4 மீட்டர், படகின் முன்முனை தண்ணீருக்கு மேல் 1 மீட்டர் என்றால் மொத்தம் 5 மீட்டர். அதற்கு 25 முதல் 35 மீட்டர் கயிறு வேண்டும். பலரும் 10 மீட்டர் கயிற்றோடு நிறுத்திவிடுகிறார்கள்.

தரையும் முக்கியம். மணலிலும் கெட்டியான சேற்றிலும் கொக்கி நன்றாகப் பிடிக்கும். பாறையில் வழுக்கும். அடர்ந்த பாசியில் பிடித்ததுபோல் தோன்றும்; பிறகு பாசியோடு சேர்ந்து பிய்ந்து வரும். காற்று திசை மாறினாலும் ஆபத்துதான். படகு நங்கூரத்தைச் சுற்றி மறுபக்கம் போய் நிற்கும்போது, கொக்கி எதிர்த்திசையில் இழுபட்டுக் கழன்றுபோகலாம். அணைகளில் இன்னொன்றும் உண்டு. மலையில் மழை பெய்து நீர்வரத்து கூடினால் நீர்மட்டம் உயரும். காலையில் போதுமானதாக இருந்த கயிறு மாலையில் குட்டையாகிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு

நங்கூரம் நழுவிய படகைக் காற்று மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். தூண்டிலில் கவனமாக இருப்பவர் 10 நிமிடம் கழித்துத்தான் திரும்பிப் பார்க்கிறார். அதற்குள் படகு அரை கி.மீ. போயிருக்கும். அவர் ஏற்கெனவே படகிலிருந்து எதிர்ப்பக்கம் அரை கி.மீ. தள்ளி இருந்தால், இடைவெளி 1 கி.மீ. மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் விடாமல் துடுப்புப் போட்டாலும் படகைப் பிடிக்க அரை மணி நேரம் ஆகும். அப்போது படகு, முதலில் நின்ற இடத்திலிருந்து 2 கி.மீ. தள்ளி இருக்கும். அணை என்றால் எங்காவது கரையில் முட்டி நிற்கும். கடல் என்றால்?

நீந்திப் பிடித்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. சாதாரணமாக நீந்துபவரின் வேகம் மணிக்கு 2 அல்லது 3 கி.மீ.தான். அதையும் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. படகு போனால் போகட்டும், கயாக்கை விட்டு இறங்கவே கூடாது.

ஆள் இல்லாத படகு சொன்ன பாடம்

2007 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடலில் 'காஸ் 2' என்ற பாய்மரப் படகு மிதந்துகொண்டிருந்தது. ஏர்லி பீச் என்ற ஊரிலிருந்து ஏப்ரல் 15-ம் தேதி மூன்று பேர் அதில் கிளம்பியிருந்தார்கள். ஏப்ரல் 18-ம் தேதி அது தனியாக மிதப்பது தெரியவந்தது. ஏறிப் பார்த்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, லேப்டாப் இயங்கிக்கொண்டிருந்தது, மேஜையில் சாப்பாடு இருந்தது. லைஃப் ஜாக்கெட்டுகளும் படகிலேயே இருந்தன. மூன்று பேர் மட்டும் இல்லை. கடைசிவரை கிடைக்கவும் இல்லை.

அது நங்கூரம் போட்டிருந்த படகு அல்ல. ஆனால், மரண விசாரணை நடத்திய அதிகாரி வந்த முடிவு எல்லோருக்கும் பொருந்தும். சிக்கிக்கொண்ட தூண்டில் சாதனத்தை எடுக்கப்போன ஒருவர் தண்ணீரில் விழுந்திருக்கலாம், அவரைக் காப்பாற்றும் முயற்சியில் மற்ற இருவரும் விழுந்திருக்கலாம் என்றார் அவர். ஆள் இல்லாத படகைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விட்டது. நீந்திப் பிடிக்க வழியே இருந்திருக்காது.

ஒருவர் எப்போதும் இருப்பார்

பெரிய கப்பலை நிறுத்திவிட்டுச் சிறு படகில் போய் மீன்பிடிப்பது புதிய யோசனை அல்ல. 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்து மீனவர்கள் இப்படித்தான் பிடித்தார்கள். பாய்மரக் கப்பலிலிருந்து டோரி என்ற சிறு படகுகளில் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போவார்கள். கேப்டனும் சமையல்காரரும் கப்பலிலேயே இருப்பார்கள். பனிமூட்டம் வந்தால் மணி அடித்தும் கொம்பு ஊதியும் வழிகாட்டுவார்கள்.

அப்படி இருந்தும் விபத்துகள் நடந்தன. 1883 ஜனவரியில் ஹோவர்ட் பிளாக்பர்ன் என்ற மீனவர் பனிப்புயலில் கப்பலைத் தவறவிட்டார். கூட இருந்தவர் குளிரில் இறந்துபோனார். துடுப்பைப் பிடித்தபடியே கைகள் உறைந்துபோக, ஐந்து நாள் போராடி நியூஃபவுண்ட்லாந்து கரையைச் சேர்ந்தார் பிளாக்பர்ன். கை விரல்கள் அத்தனையும் போய்விட்டன. கப்பலில் ஆள் இருந்தே இந்த நிலை.

நம் தூத்துக்குடி முத்துக்குளிப்பிலும் இதே விதி இருந்தது. கல்லின் எடையில் கடலுக்குள் இறங்குபவர் மூச்சை அடக்கி ஒரு நிமிடம்போல இருப்பார். மேலே படகில் ஒருவர் அவருடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருப்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும் இழுப்பது மட்டும்தான் அவர் வேலை. அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள். தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பதால் அவர் கண்ணை எடுக்க மாட்டாராம்.

படகை விட்டு இறங்கும் முன்...

* முடிந்தவரை ஒருவர் படகிலேயே இருக்கட்டும். இரண்டு பேர் போனால் முறை மாற்றிக்கொள்ளலாம். தனியாகப் போனவர் பெரிய படகைக் கரையில் கட்டிவிட்டு, கயாக்கை மட்டும் எடுப்பது நல்லது.

* நங்கூரம் போட்டதும் இன்ஜினைப் பின்பக்கமாக மெதுவாக ஓட்டி, கயிறு விறைப்பாக நிற்கிறதா என்று பாருங்கள். பூட்டை இழுத்துப் பார்ப்பது மாதிரிதான் இது.

* கரையில் முன்னும் பின்னுமாக ஒரே நேர்கோட்டில் தெரியும் இரண்டு பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பனைமரமும் பின்னால் ஒரு கோபுரமும் போதும். படகிலேயே கால் மணி நேரம் இருந்து பாருங்கள். இரண்டும் ஒரே பக்கமாக விலகிக்கொண்டே போனால் நங்கூரம் நழுவுகிறது.

* நங்கூரம் நழுவினால் அலறும் செல்போன் செயலிகள் இருக்கின்றன. ஆனால், போன் கயாக்கில் உங்களோடு இருந்தால் அது உங்கள் அசைவைத்தான் காட்டும். சிக்னல் உள்ள இடத்தில், ஒரு போனைப் படகில் வைத்து அதன் 'லைவ் லொகேஷனை' வாட்ஸ்அப்பில் இன்னொரு போனுக்கு அனுப்பி, அதைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

* திரும்பி வரும்போது படகு அங்கே இருக்காது என்று நினைத்தே கயாக்கில் பொருள்களை வையுங்கள். லைஃப் ஜாக்கெட் உடம்பில், விசில் கழுத்தில், தண்ணீரும் போனும் நீர் புகாத பையில்.

* படகின் ஏணியை இறக்கி வைத்துவிட்டுப் போங்கள். தண்ணீரிலிருந்து காலிப் படகில் ஏறுவது நினைப்பதைவிடக் கஷ்டம்.

* இருட்டும் முன் திரும்புங்கள். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554. மற்ற இடங்களில் 112.

அடுத்த விடுமுறைக்கு, காரங்காடு அலையாத்திக் காட்டில் கயாக் ஓட்டிப் பார்க்க ராமநாதபுரம் பக்கம் போகிறவர்கள் இருப்பார்கள். சொந்தப் படகோடு தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்களும் இருப்பார்கள். வீட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். தண்ணீரில் நங்கூரத்தையும் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, படகில் உட்கார ஒரு மச்சானையும் கூட்டிப்போனால் நல்லது. அவருக்குப் பிடித்த மீன் குழம்பை ராத்திரி வீட்டில் வைத்துக் கொடுத்துக்கொள்ளலாம்.