அளந்து பறப்போம்

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் வாக்கு. விஞ்ஞானம் பயிலும் நாமோ, பிறர் செய்த கருவி காட்டும் எண்ணை ஏட்டில் குறித்துக்கொள்வதோடு நின்றுவிடுகிறோம். அளக்கும் கருவியை நம் கையாலேயே ஒரு முறையேனும் செய்து பார்த்தாலன்றி, அளவின் பொருள் விளங்காது என்பது என் துணிபு.

நான் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக் காந்தலூரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி, கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ 86 விழுக்காடுதான். ஆகவே, கடற்கரையில் நிமிடத்திற்கு 2,000 சுற்றில் மிதக்கும் மாதிரி ஹெலிகாப்டருக்கு, இறக்கைகளின் சாய்வு மாறாதிருப்பின், அங்கே 2,150 சுற்று வேண்டும். இவ்வேறுபாட்டைக் காதால் அறிய இயலுமா?

“வேண்டுமட்டும் சுழற்றிவிட்டால் போகிறது” என்பீர்களாயின், கணக்கைப் பாருங்கள். 100 கிராம் இறக்கையின் எடைமையம் அச்சிலிருந்து 35 சென்டிமீட்டரில் இருந்தால், 2,000 சுற்றில் அது 150 கிலோ எடைக்கு மேற்பட்ட விசையோடு வெளிநோக்கி இழுக்கும். வேகம் இரு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். இறக்கை தெறித்தால் அருகில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து!

வேகத்தை அளக்கும் கருவியோ எளியது. கறுப்புக் குழாய் ஒன்றினுள் ஒளியுணரும் டிரான்சிஸ்டரை வைத்து, ஹெலிகாப்டரின் உடலில் வானைப் பார்க்கும்படி பொருத்த வேண்டும். இறக்கை கடக்கும்போதெல்லாம் அதன்மேல் நிழல் விழும். இரண்டு இறக்கையாயின் ஒரு சுற்றுக்கு இரண்டு நிழல். ஒரு சிறு மின்னணுச் சில்லு அவற்றை எண்ணி, இரண்டால் வகுத்துவிடும்.

“கடையில் வாங்கலாமே?” என்று கேட்கலாம். வாங்கலாம்தான். ஆனால் இறக்கை அசையாதிருக்கையிலும், பழைய சோக் வைத்த குழல்விளக்கின் கீழ் அக்கருவி 3,000 சுற்று என்று காட்டக்கூடும். நம் மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைவதால், அவ்விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்குகிறது, நிமிடத்திற்கு 6,000, அதில் பாதி 3,000. வாங்கியவன் திகைப்பான். செய்தவனோ அதையே உரைகல்லாகக் கொண்டு தன் கருவியைச் சரிபார்ப்பான்.

இது விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை அன்று. 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டி, 1.8 கிலோ எடையுள்ள சிறு ஹெலிகாப்டரே. அதன் தலைமைப் பொறியாளர் பாப் பாலராம், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். அவ்வாண்டிலேயே, பருவம் மாறிச் செவ்வாயின் காற்று மேலும் மெலிந்தபோது, அதன் வேகத்தை 2,537 சுற்றிலிருந்து 2,700க்கு உயர்த்தினார்கள். மலையூரின் கணக்கும் செவ்வாயின் கணக்கும் ஒன்றே.

நம் சங்கம் பேச்சுப் போட்டியும் நாடகமும் நடத்துகிறது, நன்று. அதனோடு ஒரு பட்டறை மேசையும், பற்றவைக்கும் சூட்டுக்கோலும் வாங்கி வைக்கட்டும். ஆண்டு விழாவில் மாணவர் தாம் செய்த கருவியை நிறுத்தி, அது இயங்கும் விதத்தைத் தமிழில் விளக்கட்டும். மேடையில் முழங்கும் தமிழ், பட்டறையிலும் புழங்கட்டும்!