மார்க்குக்கு மட்டும் படித்தால் போதுமா?

பத்தாவது படிக்கும் என் மகள் போன வாரம் சரித்திரப் பாடத்தை உரக்கப் படித்துக் கொண்டிருந்தாள். 'ஹிட்லர் ஆட்சியில் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர்' என்று நாலு தரம் ஒப்பித்தவள், "இதெல்லாம் எதுக்கும்மா படிக்கணும்?" என்று கேட்டாள்.

"மறுபடியும் நடக்கக் கூடாதுன்னுதான்" என்றேன்.

"படிச்சும் நடந்துக்கிட்டுதானே இருக்கு?" என்று மடக்கினாள்.

நியாயமான கேள்வி. 1948-ல் ஐ.நா. சபை, இன அழிப்பைத் தடுக்க ஒப்பந்தமே போட்டது. ஆனாலும் 1994-ல் ருவாண்டாவில் நூறே நாளில் லட்சக்கணக்கானோரைக் கொன்று குவித்தார்கள்.

யோசித்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு நாம் முடிவைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம், ஆரம்பத்தைச் சொல்வதில்லை. ஜெர்மனியில் எடுத்த எடுப்பில் விஷவாயு வரவில்லை. 1933-ல், 'யூதர் கடையில் வாங்காதே' என்றார்கள். 1935-ல், அவர்களோடு கல்யாண சம்பந்தம் கூடாதென்று சட்டம் போட்டார்கள். 1941-ல், ஆறு வயசுக் குழந்தை கூட சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக் கொள்ள வேண்டும் என்றார்கள். அக்கம்பக்கத்தாரில் பெரும்பாலோர், 'நமக்கென்ன' என்று இருந்து விட்டார்கள்.

இதை மகளிடம் சொல்லும்போதே, எட்டாவது படிக்கும் என் மகனின் கையில் இருந்த கலர் கயிறு கண்ணில் பட்டது. கோயில் கயிறு என்றுதான் ஒரு மாதமாக நினைத்திருந்தேன். கேட்டால், "நம்ம ஆளுங்க எல்லாரும் கட்டியிருக்காங்கம்மா" என்கிறான்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும், தடுக்க வந்த தங்கையையும் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டியது, அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தானே? அதையொட்டி அரசு அமைத்த, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழுவும், மாணவர்கள் கலர் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொல்லி 2024-ல் அறிக்கை கொடுத்ததே!

கயிற்றை அவன் கையாலேயே அவிழ்க்க வைத்தேன். ஆனால், 'நம்ம ஆளுங்க' என்ற வார்த்தையை அவன் பள்ளிக்கூடத்திலா கற்றான்? வீட்டில் நாங்கள் பேசுவதைக் கேட்டுத்தானே! அதை அவிழ்ப்பதுதான் கஷ்டம். என் கணவரும் நானும் இப்போது நாக்கை அடக்கிப் பழகுகிறோம்.

பழைய கொடுமைகளைப் படிப்பது வீண் இல்லை. ஆனால், எண்ணிக்கையை எழுதினால் மார்க்தான் கிடைக்கும். அது எங்கே ஆரம்பித்தது என்று புரிந்தால்தான் புத்தி வரும்.

தாய்மார்களே, இன்று ராத்திரி சாப்பாடு போடும்போது உங்கள் பிள்ளையின் கையையும் கொஞ்சம் பாருங்களேன்!

- ஒரு வாசகி, திருநெல்வேலி.