உடைத்தது நியாயம்தான்

தரவைப் பைட்டுகளாகச் சுருக்கிப் பொதியும் மெசேஜ்பேக் வடிவத்துக்கான பைத்தான் நூலகம் 2020-இல் 1.0 பதிப்பானபோது இயல்பு அமைப்புகளை மாற்றி, ஓடிக்கொண்டிருந்த நிரல்களை வீணாக உடைத்துவிட்டதாம். இந்தக் குற்றச்சாட்டை ஏற்க முடியாது.

ஓடிக்கொண்டிருந்த லட்சணத்தைப் பாருங்கள். பைத்தான் 3-இல் ‘அம்மா’ என்ற சொல்லைச் சுருக்கித் திரும்ப விரித்தால், கைக்கு வந்தது சொல் அல்ல, வெறும் 15 பைட்டுகள். எழுத்தும் படக்கோப்பும் ஒரே வகையாகப் பொதியப்பட்டதால் வந்த வினை இது. மெசேஜ்பேக்கின் வரையறை 2013-லேயே இரண்டையும் பிரித்துவிட்டது. நூலகமும் அதை விருப்பத்தேர்வாகத் தந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பிறகே இயல்பாக்கியது. இதையா அவசரம் என்கிறீர்கள்?

பழைய தரவு கைவிடப்படவும் இல்லை. ‘ரா’ என்ற அளவுருவை ‘ட்ரூ’ என்று கொடுத்தால் இன்றும் அப்படியே படிக்கலாம். ஒரு வரி வேலை.

சுருக்கமும் குறையவில்லை: அதே ‘அம்மா’ பைத்தானின் ஜேசானில் இயல்பாக 32 பைட்டு, இங்கே 16. கூடவே, முன்பின் தெரியாதவர் அனுப்பும் தரவு நினைவகத்தை விழுங்காதபடி 100 எம்பி வரம்பும் 1.0-இல் வந்தது. பழைய நிரலின் வசதிக்காக இவற்றையெல்லாம் புதிதாக வருபவருக்கு மறுக்கச் சொல்வது அநியாயம்.