காய்ச்சலில் டயட்டுக்கு லீவு கொடுப்போம், லீவு முடியும் நாளையும் குறித்துக்கொள்வோம்



மழை தொடங்கினால் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுப்பது நம்ம ஊர்களில் வழமையாகி விட்டது. இன்னொரு பக்கம், நம்மில் பலர் இப்போது எடை குறைக்கும் சாப்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறோம். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் என்று கிளினிக் கொப்பியில் எழுதிய பிறகு தொடங்கியவர்கள் உண்டு. வட்ஸ்அப் குழுமத்தைப் பார்த்துத் தொடங்கியவர்களும் உண்டு. நல்ல விஷயம்தான், அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் டயட்டில் இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டில் ஒன்று நடக்கிறது. சிலர் 103 பாகை காய்ச்சலிலும் "சோறு வேணாம், கஞ்சி வேணாம், பதினாறு மணித்தியாலம் முடியட்டும்" என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். வேறு சிலர் அன்றோடு திட்டத்தை விட்டவர்கள்தான், ஆறு மாதமாகியும் திரும்பவில்லை. இரண்டுமே உடம்புக்கு அநியாயம்.

முதலில் பிடிவாதக்காரரைப் பார்ப்போம். உடல் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் உடம்பு செலவழிக்கும் சக்தியும் சுமார் 10 வீதம் கூடுகிறது. அந்த நேரத்தில் சாப்பாட்டையும் குறைத்தால் உடம்பு கொழுப்பை மட்டும் எடுக்காது, தசையையும் கரைக்கும். நாலு நாளில் மூன்று கிலோ குறைந்தது என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அதில் பெரும்பகுதி தண்ணீர், மிச்சத்தில் தசையும் உண்டு. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. அதை நாலு நாளில் மூன்று மடங்கு கரைப்பது படுக்கையில் கிடப்பவருக்கு நடக்கிற காரியமல்ல.

டெங்கு என்றால் விஷயம் இன்னும் பாரதூரமானது. 2017இல் நம் நாட்டில் 186,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு வந்ததை நாம் மறக்கவில்லை. டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான கட்டம் தொடங்கும் நேரம். அப்போது வைத்தியர் சொல்லும் அளவுக்குக் கஞ்சி, இளநீர், ஜீவனி, சூப் உள்ளே போக வேண்டும். "இளநீரில் சீனி இருக்கே" என்று கணக்குப் பார்க்கும் நேரம் அதுவல்ல.

சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாப்பாடு குறைந்த நாளில் வழமையான மாத்திரையைப் போட்டால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். சில மாத்திரைகளைச் சில நாட்களுக்கு நிறுத்தச் சொல்வார்கள். இன்சுலினையோ தாமாக நிறுத்தவே கூடாது. ஆகவே காய்ச்சல் வந்த அன்றே வைத்தியரிடம் கேட்டுக்கொள்வோம்.

இதற்கான வழியை நம் மார்க்கம் நோன்பிலேயே காட்டித் தந்திருக்கிறது. ரமழான் நோன்பு கடமை. அந்தக் கடமையிலேயே நோயாளிக்குச் சலுகை இருக்கிறது, விட்ட நாட்களை வேறு நாட்களில் பிடிக்கச் சொல்லி ஸூரா அல்பகரா தெளிவாகச் சொல்கிறது. இறைவன் கடமையாக்கிய நோன்புக்கே அந்தச் சலுகை என்றால், நாமே போட்டுக்கொண்ட டயட்டுக்கு ஏன் இந்தப் பிடிவாதம்?

அதே சட்டத்தின் அடுத்த பாதியையும் பார்ப்போம். சலுகை எடுத்தவர் கழாச் செய்ய வேண்டும். நோய் போனால் சலுகையும் போய்விடும். ஐந்து நோன்பு விட்டவர் ஐந்தைத்தான் பிடிக்கிறார். தண்டனையாகப் பத்துப் பிடிக்கச் சொல்லவில்லை, "விட்டது விட்டதுதான்" என்று அடுத்த வருடத்து நோன்பையும் விடச் சொல்லவில்லை. டயட்டுக்கும் இந்த அளவு போதும்.

திட்டத்துக்குத் திரும்பாமல் போவது பெரும்பாலும் ஆசையால் அல்ல, அன்பால். காய்ச்சல் விட்டதும் "தெம்பு வரணும்" என்று மோல்ட் டின், பணிஸ், பிஸ்கட், சீனி கூடிய தேத்தண்ணி எல்லாம் வருகின்றன. ஒரு கிழமைக்கு வந்த பழக்கம் வீட்டோடு தங்கி விடுகிறது. ஒரு தேக்கரண்டி சீனியில் சுமார் 16 கலோரி. நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் 160 கலோரி. ஏழு கிழமையில் அது ஒரு கிலோ கொழுப்புக்குச் சமம், தேத்தண்ணிச் சீனி மட்டும்!

உடம்பு தேறுவதற்கு வேண்டியது புரதமும் சாதாரண வீட்டுச் சாப்பாடும். மீன், முட்டை, பருப்பு, கீரை, அளவான சோறு. காய்ச்சல் விட்டு, பசி திரும்பி, நடந்தால் களைப்பில்லை என்ற நிலை வந்ததும் நாட்காட்டியில் ஒரு திகதியைக் குறிப்போம். முதல் கிழமை சீனியையும் பேக்கரிச் சாமானையும் மட்டும் நிறுத்துவோம். அடுத்த கிழமை பழைய அளவுக்கு வருவோம். தராசு ஒன்றிரண்டு கிலோ ஏறிக் காட்டினால் பயப்பட வேண்டாம், போன தண்ணீர்தான் திரும்பி வந்திருக்கிறது. ஒரு கிழமை பாடசாலைக்கு வராத பிள்ளையை நாம் முதலாம் ஆண்டுக்கு அனுப்புவதில்லை. விட்ட பாடத்திலிருந்துதான் தொடங்குகிறோம்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களிடம் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, கையில் கொண்டு போவது பற்றி. 2016 முதல் நம் நாட்டில் இனிப்புப் பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இருக்கிறது. சிவப்பு என்றால் சீனி அதிகம். அந்தப் போத்தலுக்குப் பதில் பழமோ, முட்டையோ, வீட்டில் காய்ச்சிய கஞ்சியோ கொண்டு போவோம். தல்பீனா எனும் பார்லிக் கஞ்சியை ஆயிஷா (ரழி) அவர்கள் நோயாளிகளுக்குப் பரிந்துரைத்தது புகாரியில் பதிவாகியிருக்கிறது.

இரண்டு, வாயில் வரும் வார்த்தை பற்றி. நோயிலிருந்து எழுந்தவரைப் பார்த்து "மாஷா அல்லாஹ், நல்லா மெலிஞ்சிட்டீங்க" என்று சொல்ல வேண்டாம். அந்த மெலிவை அவர் வெற்றியாக நினைத்துக் காப்பாற்றப் பார்ப்பார். காரணமில்லாமல் எடை தொடர்ந்து குறைவது சீனி, தைரொயிட், காசநோய் போன்றவற்றின் அடையாளமாகவும் இருக்கலாம். நம்முடைய பாராட்டு ஒருவர் வைத்தியரிடம் போவதைப் பிந்தச் செய்யக் கூடாது. "இப்ப சுகமா, சாப்பிட முடியுதா?" என்று கேட்டால் போதும்.

உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம். நோயில் அதற்கு இரக்கம் காட்டுவதும் சுகத்தில் அதைக் கட்டுப்பாட்டில் வைப்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதுதான். படுக்கையில் இருக்கும் எல்லோருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.