கயிறு பிடித்தவர் கண்ணயரலாமா?

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த நாளில், மூழ்கியவனின் உயிர் தோணியில் கயிறு பிடித்தவர் கையிலிருந்தது. கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும், கண்ணயர்ந்தால் போச்சு! 1961-ஓடு அந்தக் குளிப்பு நின்றது. ஆனால் திரேஸ்புரத்திலும் புன்னைக்காயலிலும் எழுத்துக் கடலில் இறங்கும் பிஞ்சுகளுக்குக் கயிறு பிடிப்பவர் யார்? தலைமையாசிரியர்தாம்!

கொரோனா பள்ளிகளைப் பூட்டியது; படித்த எழுத்தும் மறந்தது. 2022-இல் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தந்தது. அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து, வயதை அல்ல, வாசிப்பை அளந்து பாடம் சொல்லும் ஏற்பாடு. நல்ல ஏற்பாடு! ஆனால் அரும்பு ஆண்டிறுதியிலும் அரும்பாகவே இருந்தால்? பதிவேடு அதைச் சொல்லாது, தோழர்களே!

தலைமையாசிரியர் வாரம் ஒருமுறை முதல் வகுப்பில் அமரட்டும். பிள்ளை இதுவரை காணாத நாலு வரியைப் படிக்கச் சொல்லட்டும். மனப்பாடம் எது, வாசிப்பு எது என்பது அப்போதே வெளுத்துவிடும். எழுத்தில் முன்னே நிற்கும் கொம்பு, ஒலியில் பின்னே வருகிறது, அங்கே இடறுகிறதா? ஒற்றை விழுங்குகிறதா? அதை வகுப்பாசிரியரோடு அன்றே பேசட்டும். அதட்டுவதற்கல்ல, மறுநாள் பாடத்தை மாற்றுவதற்கு.

"நேரமேது?" என்பார் அவர். மெய்தான்! ஈராசிரியர் பள்ளியில் பாடமும் அவரே, இணையத்தில் புள்ளிவிவரம் ஏற்றுவதும் அவரே. தலைமையாசிரியரைக் குமாஸ்தாவாக்கிவிட்டு, பிள்ளைக்கு எழுத்து வரவில்லையே என்று அங்கலாய்ப்பதா? நாலைந்து பள்ளிக்கு ஓர் எழுத்தரைக் கொடுங்கள். அதன் பிறகு கேளுங்கள், கயிற்றை ஏன் விட்டீர் என்று!