பொச்சாவாமை

‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. ‘மனநிறைவு’ என்கிறார்கள் சிலர். அது திருப்தியைக் குறிக்கும் சொல். ‘விழிப்புணர்வு’ என்றால் எண்ணம் சாலைப் பாதுகாப்புச் சுவரொட்டிக்குப் போய்விடுகிறது. கணினி மொழிபெயர்ப்புகள் ‘நினைவாற்றல்’ என்று எழுதிவிடுகின்றன. படிப்பவருக்கு வல்லாரைக் கீரை ஞாபகம் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிழையே வேருக்கு மிக அருகில் போகிறது. ரைஸ் டேவிட்ஸ் 1881இல் வெளியிட்ட பௌத்த சூத்திர மொழிபெயர்ப்பில் இந்த ஆங்கிலச் சொல்லால் குறித்தது பாலி மொழியின் ‘சதி’யை. அது வடமொழி ‘ஸ்மிருதி’யின் திரிபு. பொருள், நினைவு. எண்வகை நெறியைத் தமிழில் சொன்னவர்கள் அதற்கு ‘நற்கடைப்பிடி’ என்று பெயரிட்டார்கள்.

நாம் பரிந்துரைக்க விரும்பும் சொல் குறளில் இருக்கிறது. 54ஆம் அதிகாரம், பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் மறதி. உருவத்தாலும் செல்வத்தாலும் ஆற்றலாலும் வந்த களிப்பில் செய்யவேண்டியதை மறத்தல் என்று விரித்துக்கொள்ளலாம். அளவு மீறிய சினத்தைவிட, மகிழ்ச்சியின் மயக்கத்தில் வரும் இம்மறதி தீது என்றே வள்ளுவர் தொடங்குகிறார். அவர் இந்த அதிகாரத்தை வைத்திருக்கும் இடம் கவனிக்கத்தக்கது. தவத்துக்கும் நிலையாமைக்கும் இடம் தந்த துறவறவியலில் இது இல்லை. பொருட்பாலில், அரசியலில், சுற்றந்தழாலுக்கும் செங்கோன்மைக்கும் நடுவே இருக்கிறது. உறவினரும் வழக்குகளும் கணக்குகளும் சூழ வாழ்பவனுக்கு உரிய பண்பாக இதை அவர் கருதியிருக்கிறார் என்பதே நம் வாசிப்பு.

இதைச் சொல்ல நேர்வதற்குக் காரணம் நாம் வாழும் புதுச்சேரி நகரம்தான். வார இறுதியானால் ‘அமைதி’யைத் தேடி வெளியூர் வண்டிகள் வந்து சேர்கின்றன. மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் பின்னணியாக அமைதி படம்பிடிக்கப்படுகிறது. தியானம், மூச்சுப் பயிற்சி, மௌன முகாம் என்று பலகைகள் தொங்குகின்றன. ஞாயிறு இரவு அந்த அமைதி திண்டிவனம் சுங்கச்சாவடி வரைகூடத் தாங்குமா என்பது ஐயமே. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. களைத்த மனிதர் இரண்டு நாள் கடலைப் பார்த்துவிட்டுப் போவது நல்லதுதான். ஆனால் மனநலம் என்பது பயணம் போய் வாங்கிவரும் சரக்கு என்ற எண்ணம் வேரூன்றுவதுதான் நமக்கு உறுத்துகிறது.

இதே நகரத்தில் வேறொரு மரபும் உண்டு. அரவிந்தர் இங்கு வந்தது 1910இல். ஆசிரமம் உருப்பெற்றது 1926இல். பார்வையாளர் பலரும் சமாதியருகே சற்று அமர்ந்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஆசிரமவாசிகளின் நாளில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது வேலை. உணவுக்கூடத்தில் தட்டு கழுவுவது, துணி துவைப்பது, தோட்டம் பார்ப்பது, கையால் காகிதம் செய்வது. பொருள்களைக் கவனமின்றிக் கையாள்வதை அன்னை குறையாகவே கண்டார். (அரவிந்தர் பேசிய உணர்வுநிலை வேறு, பௌத்தரின் ‘சதி’ வேறு, இரண்டையும் ஒரே உலையில் போட்டுக் கிண்டுவது நம் நோக்கமன்று.) தட்டு கழுவும் வேலைக்குச் சான்றிதழ் கிடையாது, நாளைக்கும் அதே தட்டுகள் வரும் என்பதைத்தான் இங்கே சுட்டுகிறோம்.

ஆசிரமம்தான் வேண்டும் என்பதும் இல்லை. பெரிய மார்க்கெட்டில் அரிவாள்மனையின் முன் அமர்ந்து மீன் அரியும் பெண்களைப் பாருங்கள். பேரம் பேசுகிறார்கள், பக்கத்துக் கடையைத் திட்டுகிறார்கள். கை மட்டும் தன் வேலையை மறப்பதில்லை. ஒரு நொடி மறந்தால் விரல் போய்விடும். நமக்கோ விரல் போகாத வேலைகள். அதனால் விடைத்தாள் திருத்தும்போது மனம் நேற்றைய துறைக்கூட்டத்தில் ஒருவர் சொன்ன சொல்லிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. பதில் சொல்லியிருக்கலாமே என்று ஒரு சுற்று; சொல்லாததும் நல்லதே என்று இன்னொரு சுற்று. ‘இதோ, மறுபடியும் அதே எண்ணம்’ என்று அடையாளம் கண்டு தாளுக்குத் திரும்புவதுதான் பயிற்சி. ஒரு மணி நேரத்தில் இருபது முறை திரும்ப நேரிடும். மனம் அலைவது தோல்வியன்று. அலைந்ததை நினைவுகூர்வதே மறவாமை. குளிக்கும்போது குளிப்பதும், பிள்ளை பேசும்போது கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பதும் இதில் சேர்த்திதான். செலவில்லாதது என்பதால் இதற்கு விளம்பரமும் இல்லை.

இதனால் பயன் உண்டா என்று மருத்துவ உலகமும் பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் ஜான் கபட்-ஜின் 1979இல் தொடங்கிய பயிற்சி முறை எட்டு வாரம் நீள்வது. பதற்ற நோயுற்ற 276 பேரிடம் அதை ஒரு வழக்கமான மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளிவந்தது. பயிற்சி மாத்திரைக்குக் குறைந்ததன்று என்று கண்டது. அதே ஆண்டு பிரிட்டனிலிருந்து வந்த இன்னொரு பெரிய ஆய்வு, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வகுப்பு வகுப்பாக இதைக் கற்பித்தும் வழக்கமான பாடத்தைவிட மேலான பயன் இல்லை என்றது. முன்னதில் தாமே நாடி வந்த நோயாளிகள். பின்னதில் கால அட்டவணையில் வந்ததால் உட்கார்ந்த பிள்ளைகள். இந்த வேறுபாடு முக்கியமென்று கருதுகிறோம்.

ஏனெனில் இப்போது கல்விக்கூடங்களில் இது கால அட்டவணைக்குள் வந்துகொண்டிருக்கிறது. ஒரு நாள் பயிலரங்கம், ஒரு சிறப்பு விருந்தினர், கண்ணை மூடி ஐந்து நிமிடம், குழுப் புகைப்படம். வீட்டுக் கடனையும் தேர்வையும் ஒருசேரச் சுமக்கும் மாணவியிடம் ‘மூச்சைக் கவனி’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது, அவள் துன்பத்துக்கு அவள் கவனக்குறைவே காரணம் என்று சொல்வதற்குச் சமம். பல இரவுகள் உறக்கமில்லை, உணவு இறங்கவில்லை, வாழ்ந்தென்ன என்ற எண்ணம் வருகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், அங்கே குறளும் வேண்டாம் தியானமும் வேண்டாம், மருத்துவர் வேண்டும். ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது. 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் எண் 14416, தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணைத் துறைப் பலகையில் எழுதிவைக்க எந்தக் குழுவின் ஒப்புதலும் தேவைப்படாது.

பொச்சாவாமை அதிகாரத்தை அரசனுக்குச் சொன்ன அறிவுரை என்று விளக்கிவிட்டு அடுத்ததற்குப் போவதே வகுப்பறை வழக்கம். ஒருநாள் அதை மட்டும் எடுத்துக்கொண்டு பத்துக் குறளையும் மெதுவாகப் படித்துப் பார்க்கலாம். தேர்வுக்கு வருமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வராது என்று சொல்லிவிட்டே தொடங்கலாம்.